விளையாட்டில் ஒலிக்கும் வேண்டுதல்

'வீடியோ கேம்' என்ற சொல் காதில் விழுந்த மாத்திரத்திலேயே பெற்றோர் பலருடைய முகம் மாறிவிடுகிறது. படிப்பைக் கெடுப்பது, கண்ணைக் கெடுப்பது, நேரத்தை விழுங்குவது என்று அதன்மேல் சுமத்தப்படும் குற்றங்கள் பல. அவற்றில் உண்மையே இல்லை என்று வாதாட நாம் முன்வரவில்லை. ஆனால், அத்தகைய விளையாட்டு ஒன்றின் தலைவாசலிலே ஒரு பாடற்குழு நின்றுகொண்டு, ஆண்டவர் கற்பித்த செபத்தைப் பாடி வரவேற்கிறது என்று சொன்னால் நம்புவீர்களா? 2005-ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு விளையாட்டில் அப்படித்தான் நிகழ்கிறது. அந்தச் செபம் அங்கே எவ்வாறு வந்தது, அதனைச் சூழ்ந்துள்ள இசை எங்கிருந்து எடுக்கப்பட்டது, அதனால் நமக்கு வரும் பாடம் யாது என்பவற்றை இக்கட்டுரையிலே காண்போம்.

ஆறாயிரம் ஆண்டு ஆட்டம்

அவ்விளையாட்டின் பெயர் 'சிவிலைசேஷன்'. நாகரிகம் என்பது அதன் பொருள். அமெரிக்காவைச் சேர்ந்த சிட் மையர் என்பவர் உருவாக்கிய இதன் முதற் பதிப்பு 1991-இல் வெளிவந்தது. 2025-இல் ஏழாம் பதிப்பு வந்துள்ளது. சதுரங்கத்தில் ஒருவர் காய் நகர்த்தியபின் மற்றவர் நகர்த்துவது போல, இதிலும் முறை வைத்தே ஆட வேண்டும். முதற் பதிப்பில் ஆட்டம் கி.மு. 4000-இல் தொடங்குகிறது. ஆடுபவர் ஒரு சிறு கூட்டத்தாரோடு புறப்பட்டு, ஊர் அமைத்து, மட்பாண்டம் வனையவும் எழுதவும் கற்பித்து, சாலையிட்டு, நூலகம் கட்டி, கடைசியில் விண்கலம் ஏறும் காலம் வரை தம் மக்களை நடத்திச் செல்ல வேண்டும். நாடு பிடிக்கும் போர்களும் இதில் உண்டு என்பதை நாம் மறைக்கப் போவதில்லை.

இப்படிப்பட்ட விளையாட்டுக்கு இசை அமைப்பவரின் சங்கடத்தை எண்ணிப் பாருங்கள். ஒரு திரைப்படத்துக்கு இசையமைப்பவர் இரண்டரை மணி நேரக் கதைக்கு இசை தந்தால் போதும். இவரோ ஆறாயிரம் ஆண்டுகளுக்கு இசை தர வேண்டும். கல்லோடு கல்லைத் தட்டிய காலத்துக்கும், கணினிக் காலத்துக்கும் ஒரே இசை பொருந்துமா?

பாடகர் வரவில்லை, தாள் மட்டும் வந்தது

முதற் பதிப்பின் இசையமைப்பாளர் ஜெஃப் பிரிக்ஸ். அவர் காலத்தில் வேறொரு தொல்லையும் இருந்தது. அந்நாளில் விளையாட்டுகள் நெகிழ்தட்டுகளில் வெளிவந்தன. ஒரு தட்டில் அதிகமாகப் போனால் 1.44 மெகாபைட் அளவுக்கே இடம் உண்டு. குறுந்தகட்டின் தரத்தில் ஒரு நிமிட இசையைப் பதிவு செய்ய ஏறத்தாழ 10 மெகாபைட் தேவை. அதாவது, ஒரு தட்டு முழுவதையும் இசைக்கே கொடுத்தாலும் பத்து விநாடிகூட நிறைவாகக் கேட்க முடியாது!

இதற்கு அவர்கள் கண்ட வழி எளியது. இசையைப் பதிவு செய்யாமல், எந்தச் சுரம், எவ்வளவு நேரம், எவ்வளவு உரக்க என்ற குறிப்புகளை மட்டும் தட்டில் எழுதி அனுப்பினார்கள். கணினிக்குள் இருந்த ஒலிச்சில்லு அக்குறிப்புகளைப் பார்த்துத் தானே வாசித்தது. பாடகரை அனுப்பாமல் சுரத்தாளை மட்டும் தபாலில் அனுப்பி, "உங்கள் ஊர் ஆர்மோனியத்தில் வாசித்துக்கொள்ளுங்கள்" என்பதைப் போன்றது இது. ஆர்மோனியம் நன்றாக இருந்தவர் வீட்டில் இசையும் நன்றாக இருந்தது. மற்றவர் வீட்டில் கீச்சுக் குரலாய் ஒலித்தது. பின்னர் குறுந்தகடு வந்தது. அதன்பின்தான் உண்மையான குரல்களும் வாத்தியங்களும் விளையாட்டுக்குள் நுழைய வழி பிறந்தது.

பழைய மேதைகளின் துணை

2005-இல் வெளிவந்த நான்காம் பதிப்பில், காலத்துக்கேற்ற இசை என்ற எண்ணம் அழகாக நிறைவேறியது. ஆட்டத்தில் காலம் மாற மாற இசையும் மாறும். இடைக்காலம் வந்தால் ஐரோப்பியக் கோவில்களின் பல்குரல் பாடல்கள் ஒலிக்கும். பின்பு பாக், மோட்சார்ட், பீத்தோவன் வருவார்கள். தொழிற்சாலைகள் எழும் காலத்தில் துவோர்ஷாக் வருவார். நம் காலத்துக்கு அமெரிக்கரான ஜான் ஆடம்ஸ் வருவார்.

அவற்றுள் ஒன்று கிரகோரியோ அலெக்ரி என்பவர் 17-ஆம் நூற்றாண்டில் அமைத்த 'மிசெரேரே'. 'கடவுளே, எனக்கு இரங்கும்' என்று மன்றாடும் 51-ஆம் திருப்பாடலே அது. உரோமை நகரில் சிஸ்டைன் சிற்றாலயத்தில் புனித வாரத்தில் பாடுவதற்காக அமைக்கப்பட்டது. 1770-இல் அங்கே சென்ற பதினான்கு வயதுச் சிறுவன் மோட்சார்ட், அதைக் காதால் கேட்டு, தங்கியிருந்த இடத்துக்குத் திரும்பி வந்து நினைவிலிருந்தே எழுதினான் என்று அவன் தந்தை கடிதத்தில் குறித்திருக்கிறார். நம் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு மாணவியின் வயது! கவனித்துக் கேட்பது என்றால் என்ன என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமோ?

'பாபா எத்து'

இனி, தலைவாசலில் நிற்கும் பாடலுக்கு வருவோம். நான்காம் பதிப்பை வடிவமைத்தவர்களின் தலைவர் சோரன் ஜான்சன். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் அவருடன் ஒரே அறையில் தங்கிப் படித்தவர் கிறிஸ்டோபர் டின். கலிபோர்னியாவில் பிறந்த சீன வம்சாவளியினரான டின், பின்னர் இலண்டனில் உள்ள அரச இசைக் கல்லூரியிலும் பயின்றவர். விளையாட்டின் தொடக்கத்துக்கு ஒரு பாடல் வேண்டும் என்று நண்பர் கேட்டபோது, டின் எழுதித் தந்ததே 'பாபா எத்து'.

கிழக்கு ஆப்பிரிக்காவில் வழங்கும் சுவாகிலி மொழியில் 'பாபா' என்றால் தந்தை. 'எத்து' என்றால் எங்கள். நாம் 'எங்கள் தந்தை' என்கிறோம்; அவர்கள் 'தந்தை எங்கள்' என்கிறார்கள். இலத்தீனில் 'பாத்தெர் நோஸ்தெர்' என்று வழங்குவதும் அதே வரிசைதான். நாம் காலை வழிபாட்டில் சொல்லும் செபத்தின் சுவாகிலி வடிவமே பாடல் முழுவதும்.

பாடல் அமைந்துள்ள விதமும் நமக்குப் புதியதன்று. ஒருவர் முன்னே பாட, குழுவினர் பின்னே ஏற்றுப் பாடுகின்றனர். நம் ஊர்த் தேர்ப்பவனியிலும் மன்றாட்டு மாலையிலும் கேட்கும் முறைதான் இது. ஒற்றைக் குரலில் தொடங்கி, குரல்கள் ஒவ்வொன்றாய்ச் சேர, தோலிசைக் கருவிகள் தாளமிட, முடிவில் பெருவெள்ளமாய்ப் பெருகுகிறது. விளையாட்டுக்காக இதைப் பாடியவர்கள் 'டாலிஸ்மன்' என்ற ஸ்டான்ஃபோர்டு மாணவர் குழுவினர். பின்னர் 2009-இல் டின் வெளியிட்ட 'காலிங் ஆல் டான்ஸ்' என்ற இசைத்தொகுப்பில் தென்னாப்பிரிக்காவின் 'சொவெட்டோ காஸ்பல் கொயர்' குழுவினர் இதைப் பாடினர். அத்தொகுப்பில் பன்னிரண்டு பாடல்கள், பன்னிரண்டு மொழிகள். இலத்தீனும் உண்டு, பகவத் கீதையின் வடமொழியும் உண்டு.

2011-ஆம் ஆண்டு பிப்ரவரியில், 'பாபா எத்து' கிராமி விருது பெற்றது. வீடியோ விளையாட்டுக்கென எழுதப்பட்ட இசை ஒன்று அவ்விருதைப் பெற்றது அதுவே முதல் முறை. பின்னாளில் விளையாட்டு இசைக்கெனத் தனிப் பிரிவே ஏற்படுத்தப்பட்டது. 2023-இல் அப்பிரிவின் முதல் விருதை, வேறொரு விளையாட்டுக்கு இசையமைத்த ஸ்டெஃபனி எக்கோனமோ என்ற பெண்மணி பெற்றார் என்பதை நம் மாணவியர் மனத்தில் குறித்துக்கொள்வார்களாக.

ஒரே மெட்டு, நான்கு உடை

2016-இல் வந்த ஆறாம் பதிப்புக்கும் தொடக்கப் பாடல் தந்தவர் டின் அவர்களே. பறத்தலைப் பற்றி லியொனார்டோ டா வின்சி எழுதியவற்றைத் தழுவி இத்தாலிய மொழியில் அமைந்த அப்பாடலின் பெயருக்குப் 'பறக்கும் கனவு' என்பது பொருள். ஆனால் இப்பதிப்பில் நம் கருத்தை மிகவும் கவர்வது, ஜெஃப் நோர் என்பவரும் அவருடைய துணைவர்களும் செய்த வேறொரு வேலையாகும்.

ஒவ்வொரு நாட்டாருக்கும் அவர்களுக்கே உரிய ஒரு மெட்டைத் தேர்ந்துகொண்டு, அதைப் பண்டைக் காலம், இடைக்காலம், தொழிற்புரட்சிக் காலம், அணுக்காலம் என்று நான்கு விதமாக அமைத்தார்கள். பண்டைக் காலத்தில் ஓரிரு நாட்டு வாத்தியங்கள் மட்டும் மெட்டைத் தனியே வாசிக்கும். அடுத்த காலத்தில் துணைக்கருவிகள் சேரும். மூன்றாவதில் முழு ஆர்க்கெஸ்ட்ரா எழும். நான்காவதில் அது இன்னும் விரிந்து, இக்காலத்து ஒலிகளோடு கலந்து வரும். மெட்டு ஒன்றே, உடைகள் நான்கு. குழந்தையாய்ப் பார்த்த ஒருத்தியைக் குமரியாகவும், தாயாகவும், பாட்டியாகவும் பார்ப்பது போன்ற உணர்வு கேட்பவருக்கு உண்டாகிறது. நம் நாட்டார் இசை மட்டுமன்றி, நாம் சந்தித்த அண்டை நாட்டாரின் இசையும் இடையிடையே காதில் விழும்.

எந்த மெட்டுகள் அவை? இங்கிலாந்துக்கு 'ஸ்கார்பரோ ஃபேர்' என்ற பழைய நாட்டுப்பாடல். கொரியாவுக்கு அம்மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பாடிவரும் 'அரிராங்'. அமெரிக்காவுக்கு, ஏழைகளின் துயரத்தை நினைவூட்டி 1854-இல் ஸ்டீபன் ஃபாஸ்டர் வெளியிட்ட பாடல். காந்தியடிகள் தலைமை தாங்கும் இந்தியாவுக்கு, அவருடைய வழிபாட்டுக் கூட்டங்களில் பாடப்பெற்ற 'வைஷ்ணவ ஜனதோ'. பிறர் துன்பத்தை உணரும் உள்ளத்தைப் போற்றும் அப்பாடலைப் பாடியவர் 15-ஆம் நூற்றாண்டுக் குஜராத்திக் கவிஞர் நரசி மேத்தா. வெற்றி முரசுகளை நாடாமல், எளிய மக்களின் பாட்டுகளை இவர்கள் நாடியிருப்பதைக் கவனியுங்கள்.

இது தகுமா?

இவ்வளவும் படித்தபின், செபத்தை விளையாட்டில் பாடுவது தகுமா என்ற கேள்வி நம் அருட்சகோதரியர்க்கும் பெற்றோர்க்கும் எழலாம். எழுவது நியாயமே. அயலாரை வென்று அவர் ஊரைக் கைப்பற்றும் ஆட்டத்துக்கு முன்னுரையாக, எங்கள் குற்றங்களை மன்னியும் என்று வேண்டும் செபம் ஒலிப்பது முரண்தான். நாமும் அதை முரண் என்றே கருதுகிறோம். கேட்பவர் அது செபம் என்றே அறியாமல் தாண்டிப் போவதும் உண்டு.

எனினும் மறுபக்கமும் ஒன்று உண்டு. கோவிலின் வாசலை மிதித்தறியாத இளைஞர் பலரின் அறைக்குள், சுவாகிலி மொழியே தெரியாத அவர்தம் நாவில், அச்சொற்கள் சென்று தங்கியிருக்கின்றன. இதற்குப் பொருள் என்ன என்று தேடிப் போனவருக்கு விடை கிடைத்திருக்கிறது. விதைப்பவர் எல்லா நிலத்திலும் விதைத்தார் என்ற உவமையை நாம் மறக்கலாகாது. ஆகவே, பாடலைப் பழிப்பதைவிட, பொருளறிந்து கேட்குமாறு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதே நலம் என்பது நம் கருத்து.

நம் மெட்டு எங்கே?

கடைசியாக ஒன்று. 2025-இல் வந்த ஏழாம் பதிப்பில் சோழரும் ஒரு நாட்டாராக இடம் பெற்றுள்ளனர். நமக்குப் பெருமைதான். ஆனால் பெருமையோடு ஒரு கவலையும் வர வேண்டும். தொலைதேசத்து இசையமைப்பாளர் ஒருவர் நாளை நம் மக்களின் எளிய மெட்டு ஒன்றைத் தேடினால், அவருக்கு எது கிடைக்கும்? யாரேனும் எழுதி வைத்தது கிடைக்கும். யாரேனும் பதிந்து வைத்தது கிடைக்கும். இன்றும் யாரேனும் பாடிக்கொண்டிருப்பது கிடைக்கும். அரிராங்கும் நரசி மேத்தாவின் பாடலும் பிழைத்திருப்பது, மக்கள் அவற்றைப் பாடுவதை நிறுத்தாததனால்தான்.

நம் வீட்டுப் பாட்டிமார் பாடும் தாலாட்டுக்கு அந்தக் காவல் உண்டா? நடவு வயலில் பாடியது, கும்மியடித்துப் பாடியது, பெரிய வெள்ளியன்று ஒப்பாரி போல இழுத்துப் பாடிய வியாகுலப் பாட்டு — இவற்றில் எத்தனை நமக்குத் தெரியும்? மோட்சார்டின் நினைவாற்றல் நமக்கு இல்லை என்று கவலைப்பட வேண்டாம். பதிவு செய்யும் கருவி இன்று கைப்பேசியிலேயே இருக்கிறது. அன்பு மாணவியரே, வரும் விடுமுறையில் பாட்டியின் அருகில் அமர்ந்து ஒரு பாட்டையாவது கேட்டுப் பதியுங்கள். யாரிடம் கற்றார், எந்த வேலையின்போது பாடினார் என்பதையும் ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். சுரம் எழுதத் தெரிந்த தோழியிடம் கொடுத்து எழுதி வாங்குங்கள்.

உடையை எந்தக் காலமும் தைத்துக் கொடுத்துவிடும். மெட்டைக் காப்பாற்றித் தர வேண்டியவர்கள் நாம்.