மழைக்காலத்தில் காகிதப் பூக் குட்டைமரம்



காகிதப் பூச்செடியை அறியாதவர் நம்மில் இல்லை. லயத்து வேலியிலும், கோயில் வாசலிலும், பள்ளி மதிலோரத்திலும் அதை நாம் காண்கிறோம். இதன் பிறந்தகம் தென் அமெரிக்கா. 1767ஆம் ஆண்டில், பிரெஞ்சு மாலுமி பூகன்வில் தலைமையில் உலகைச் சுற்றி வந்த பயணத்தில் கோமெர்சோன் என்னும் தாவர அறிஞரும் சென்றார். அவர் பிரேசில் நாட்டு ரியோ டி ஜெனிரோவில் இச்செடியைக் கண்டார். பயணத் தலைவரின் பெயரே செடிக்கும் பூகன்வில்லா என்று அமைந்தது.

இச்செடியைச் சிறிய தொட்டியில் வைத்து, கிளைகளை வெட்டியும் கம்பி கட்டியும் ஆலமரம்போல் குட்டையாக வளர்ப்பவர் உண்டு. இதனை ஜப்பானியச் சொல்லால் போன்சாய் என்கிறோம். அடிமரம் தடிக்கப் பல ஆண்டுகள் வேண்டும். அவ்வாறு பொறுமையோடு வளர்த்த மரம், சில வார அடைமழையில் பட்டுப்போய்விடுவதும் உண்டு. அதற்குக் காரணம் என்ன? இதைத்தான் இன்று நாம் பார்க்கப் போகிறோம்.

ஜப்பான் போன்ற நாடுகளில் குளிர்காலம் வந்ததும் இத்தொட்டிகளை வீட்டுக்குள் எடுத்து வைப்பார்கள். உறைபனி பட்டால் செடி கருகிவிடும். குளிரில் செடி இலைகளை உதிர்த்து ஓய்வு கொள்ளும். அப்போது தண்ணீரை மிகவும் குறைத்துவிடுவார்கள். ஓய்வு கொள்ளும் வேர் அதிகம் குடிப்பதில்லை. குடிக்காத தண்ணீர் மண்ணில் தங்கி வேரை அழுகச் செய்யும்.

நம் நாட்டில் உறைபனி இல்லை. ஆனால் கிழக்குக் கரையில் நவம்பர் முதல் வடகிழக்குப் பருவமழை கொட்டுகிறது. மேற்குக் கரைத் தோட்டங்களில் அக்டோபர், நவம்பர் மாதங்களில் மழை மிகுதி. காகிதப் பூவுக்கு இதுவே சோதனைக் காலம்.

வேருக்கும் காற்று வேண்டும். மண்துகள்களின் இடைவெளியில் உள்ள காற்றைக் கொண்டே அது வாழ்கிறது. அந்த இடைவெளியெல்லாம் தண்ணீர் நிறைந்து நின்றால் வேர் அழுகுகிறது. அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. ஆகவே இலை வாடி மஞ்சளாகிறது. பார்ப்பவர்களோ, செடிக்குத் தாகம் என்று எண்ணி மேலும் ஊற்றுகிறார்கள். இதனால் எஞ்சிய வேரும் அழுகிவிடுகிறது.

இதைத் தடுக்க நாம் செய்யவேண்டியவை சிலவே. தொட்டியானாலும் பால்மாவு டின்னானாலும் அடியில் ஐந்தாறு துளைகள் இருக்கட்டும். வெறும் செம்மண் இறுகிவிடும்; அதனோடு ஆற்று மணலும் உடைத்த செங்கல் துண்டுகளும் கலக்க வேண்டும். தொட்டியைத் தரையில் வைக்காமல் இரண்டு செங்கற்களின்மேல் வையுங்கள். தகரக் கூரையின் தண்ணீர் கொட்டும் இடத்திலிருந்து தள்ளி வையுங்கள். ஆனால் இருட்டில் ஒளித்துவிடாதீர்கள். வெயில் வரும்போதெல்லாம் அது செடிமேல் பட வேண்டும்.

தண்ணீர் ஊற்றுமுன் விரலை ஓர் அங்குலம் மண்ணில் நுழைத்துப் பாருங்கள். ஈரம் தெரிந்தால் அன்று ஊற்ற வேண்டாம். அடைமழை நாள்களில் வேரை வெட்டுவதும் தொட்டி மாற்றுவதும் கூடாது. யூரியா உரமும் வேண்டாம். அது இலையை வளர்க்குமே தவிர பூவைத் தராது. கிளையில் கட்டிய கம்பி பட்டையில் பதிகிறதா என்று வாரந்தோறும் பாருங்கள்.

தொட்டியின் அடியில் வைக்கும் தட்டை மழைக்காலத்தில் எடுத்துவிடுவதே நல்லது. அதில் தேங்கும் தெளிந்த நீரில்தான் டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடுகிறது. ஏழு முதல் பத்து நாள்களில் முட்டை கொசுவாகிவிடும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டைகள் தட்டின் ஓரத்தில் ஒட்டியிருக்கும். தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவ வேண்டும். ஒரு செடிக்காக வீட்டுப் பிள்ளைகள் காய்ச்சலில் விழலாமா?

மழை ஓய்ந்து, ஆண்டின் தொடக்கத்தில் பால்மரங்கள் இலை உதிர்க்கும் வறட்சிக் காலம் வரும். காகிதப் பூ பூத்துக் குலுங்குவதும் அக்காலத்தில்தான். இலை சற்றுத் துவளும்வரை மண்ணைக் காயவிட்டு, பிறகு நன்றாகத் தண்ணீர் ஊற்றுங்கள். இப்படிச் சில முறை செய்தால் கிளை நுனியெங்கும் நிறம் தோன்றும். அந்த நிறம் உண்மையில் பூவைச் சூழ்ந்த இலைகளின் நிறம். நடுவில் குழல்போல் நிற்கும் சிறு வெண்பூவே மெய்யான பூ. பிள்ளைகளை அருகில் அழைத்து இதைக் காட்டுங்கள்.

காகிதப் பூ வெயிலைத் தாங்கும், வறட்சியையும் தாங்கும். வேரடியில் தேங்கும் தண்ணீரைத் தாங்காது. மழைக்காலத்தில் இதை நாம் நினைவில் வைத்திருந்தால் போதும்.