காற்றோடு மல்லுக்கட்டும் திராட்சை!

கம்பம் பன்னீர் திராட்சையை வாயில் போட்டதும் ரோஜா வாசம் ஒண்ணு வருமே... அது பரம்பரைச் சொத்து பாஸ்! 'மஸ்கட் ஹாம்பர்க்' என்பதுதான் பன்னீரின் உலகப் பெயர். டி.என்.ஏ. சோதனைப்படி அதன் பெற்றோரில் ஒன்று, 'மஸ்கட் ஆஃப் அலெக்ஸாண்ட்ரியா' என்கிற வெள்ளைத் திராட்சை.

அந்த வெள்ளைத் திராட்சை படாத பாடு படுகிற இடம் பான்டெல்லேரியா. எரிமலைத் தீவு. இத்தாலிக்குச் சொந்தம், ஆனா சிசிலியை விட துனீஷியாதான் பக்கம். அங்கே இதன் பெயர் 'ஜிபிபோ'. உலர்ந்த திராட்சையைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது.

தீவில் காற்று சும்மா விடாது, மழையும் குறைவு. விவசாயிகள் போட்ட பிளான் என்ன தெரியுமா? நம்ம கம்பத்தில் கொடி தலைக்கு மேலே பந்தலில் படரும். அங்கேயோ தரையில் குழி பறித்து, அதற்குள் கொடியை நட்டு, முழங்கால் உயரத்துக்குக் குட்டிப் புதராக வெட்டி விடுகிறார்கள். காற்று மேலேயே போய்விடும், ஈரம் குழியில் தங்கும். மோட்டாரும் வேண்டாம், பைப்பும் வேண்டாம். செம இன்ஜினீயரிங்!

வாசத்துக்குக் காரணம் லினலூல், ஜெரானியால் போன்ற டெர்பீன்கள். ஜெரானியால் ரோஜாவிலும் உண்டு, லினலூல் கொத்தமல்லி விதையிலும் உண்டு. பழத்தில் இவற்றில் பெரும்பகுதி சர்க்கரையோடு ஒட்டிக்கொண்டு வாசமே இல்லாமல் கிடக்கும். ஒயின் தயாராகும்போது கொஞ்சம் கொஞ்சமாக விடுபட்டு மணக்கும்.

ஆகஸ்ட்டில் பறித்த பழத்தை மூணு, நாலு வாரம் வெயிலில் காய வைப்பார்கள். தண்ணீர் வற்றி சர்க்கரை செறிவாகும். அப்புறம் பறித்த பழத்தின் சாறு நொதிக்கும்போது இதைச் சேர்ப்பார்கள். ஆல்கஹால் ஏற ஏற ஈஸ்ட் களைத்து நின்றுவிட, மிச்சச் சர்க்கரை அப்படியே தங்கும். அதுதான் 'பாசிட்டோ' இனிப்பு ஒயின்.

எல்லாமே கைவேலை. கல் சுவர் கட்டிய படிக்கட்டு வயலுக்குள் மெஷின் நுழையாது. கவாத்து, அறுவடை எல்லாம் முதுகு வளைத்துத்தான். இளைஞர்கள் வேலை தேடிக் கிளம்ப, நிறைய வயல்கள் புதர் மண்டிவிட்டன. 2014-ல் யுனெஸ்கோ இந்தச் சாகுபடி முறையை மனித குலத்தின் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. சந்தோஷம்தான். ஆனா, பட்டியல் வந்து கவாத்து பண்ணாதே!

கம்பம் பன்னீருக்கும் 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ரெண்டு ஊருக்கும் பேர் கிடைச்சாச்சு. கத்தரிக்கோல் பிடிக்க அடுத்த தலைமுறைக் கை ரெடியா?