பழைய லேப்டாப்பில் விண்டோஸ் 11: அப்கிரேடு பண்ணலாமா, வேண்டாமா?

கல்லூரியில் சேர்ந்தபோது அப்பா வாங்கிக் கொடுத்த லேப்டாப். ஆன் செய்துவிட்டு டீ போட்டு எடுத்து வருவதற்குள் ஓப்பன் ஆகிவிடும். கீபோர்டில் ஒரு எழுத்து அழிந்துவிட்டது, பேட்டரி ஒரு மணி நேரம்கூட நிற்பதில்லை. ஆனால் வேலை நடக்கிறது. நடுவில், ‘உங்கள் விண்டோஸ் 10-க்கான சப்போர்ட் முடிந்துவிட்டது’ என்று திரையில் ஒரு அறிவிப்பு வருகிறது. ‘பிறகு பார்க்கலாம்’ என்று மூடிவிட்டு வேலையைத் தொடர்கிறோம்.

பலருடைய வீட்டில் இதுதான் நிலைமை. ‘நல்லாத்தானே ஓடுது, எதுக்கு மாத்தணும்?’ என்பது ஒரு பக்கம். ‘அப்கிரேடு பண்ணி, இருக்கிறதும் போயிட்டா?’ என்ற பயம் இன்னொரு பக்கம். இரண்டுமே நியாயமான கேள்விகள்தான். ஆனால் அந்த அறிவிப்பை மூடிக்கொண்டே இருப்பதும் ஒரு முடிவுதான். அதில் என்ன ஆபத்து, நம்முன் என்னென்ன வழிகள் இருக்கின்றன என்று பார்க்கலாம்.

சப்போர்ட் முடிந்துவிட்டது என்றால் என்ன அர்த்தம்?

விண்டோஸ் 10 வெளியானது 2015 ஜூலையில். அதற்கான இலவச பாதுகாப்பு அப்டேட்டுகளை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ம் தேதியுடன் நிறுத்திவிட்டது. அதற்காக அன்றைக்கு எந்த லேப்டாப்பும் நின்றுபோகவில்லை. வேர்டு திறக்கிறது, யூடியூப் ஓடுகிறது. வித்தியாசமே தெரியாது. சிக்கலும் அதுதான்.

எந்த ஆபரேட்டிங் சிஸ்டத்திலும் புதுப்புது ஓட்டைகள் கண்டுபிடிக்கப்பட்டுக்கொண்டே இருக்கும். அவற்றை அடைக்கும் ‘பேட்ச்’களை மைக்ரோசாஃப்ட் ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வெளியிடுகிறது. சப்போர்ட் முடிந்த சிஸ்டத்துக்கு இவை வராது. விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் உள்ளே இருக்கும் கோடில் பெரும்பகுதி ஒன்றுதான். விண்டோஸ் 11-ல் ஒரு ஓட்டை அடைக்கப்பட்டால், அதே ஓட்டை விண்டோஸ் 10-ல் எங்கே திறந்து கிடக்கிறது என்று தேட ஹேக்கர்களுக்கு ஒரு துப்பு கிடைத்துவிடுகிறது.

பேட்ச் போடாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2017 மே மாதம் பரவிய ‘வானாக்ரை’ ரான்சம்வேர் உதாரணம். அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் பேட்சை மைக்ரோசாஃப்ட் அதற்கு இரண்டு மாதம் முன்பே வெளியிட்டிருந்தது. அதைப் போடாத கம்ப்யூட்டர்கள்தான் சிக்கின. சுமார் 150 நாடுகளில் ஃபைல்கள் பூட்டப்பட்டு பணம் கேட்கப்பட்டது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் ஆயிரக்கணக்கான அப்பாயின்ட்மென்ட்கள் ரத்தாகின. பேட்ச் வந்தும் போடாதவர்களுக்கே இந்தக் கதி. இப்போது விண்டோஸ் 10-ல் அப்படியே இருப்பவர்களுக்கு பேட்சே வராது.

ஆன்டிவைரஸ் இருந்தால் போதாதா? விண்டோஸ் 10-ல் இருக்கும் டிஃபெண்டருக்கு வைரஸ் பட்டியல் அப்டேட் 2028 அக்டோபர் வரை வரும் என மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. அது நல்ல செய்திதான். ஆனால் ஆன்டிவைரஸ் என்பது வாட்ச்மேன் மாதிரி. பின்பக்கச் சுவரில் ஓட்டை இருந்தால், வாசலில் வாட்ச்மேன் நின்று முழுப் பயன் இல்லை.

உங்கள் லேப்டாப் விண்டோஸ் 11-ஐ ஏற்குமா?

விண்டோஸ் 10-லிருந்து 11-க்கு மாற பணம் எதுவும் கட்ட வேண்டாம். ஆனால் லேப்டாப்புக்குச் சில தகுதிகள் வேண்டும். குறைந்தது 4 ஜிபி ரேம், 64 ஜிபி ஸ்டோரேஜ், செக்யூர் பூட் வசதி, டிபிஎம் 2.0, மைக்ரோசாஃப்ட் பட்டியலில் உள்ள பிராசஸர் ஆகியவை முக்கியமானவை.

பெரும்பாலான பழைய லேப்டாப்கள் தட்டுப்படுவது கடைசி இரண்டில்தான்.

டிபிஎம் என்பது பாஸ்வேர்டு, என்க்ரிப்ஷன் போன்றவற்றுக்கான சாவிகளைத் தனியாகப் பூட்டி வைக்கும் பாதுகாப்பு சிப். 2016-க்குப் பிறகு வந்த பல லேப்டாப்களில் இது இருக்கிறது, ஆனால் பயாஸில் ஆஃப் செய்யப்பட்டிருக்கலாம். அதனால் ‘டிபிஎம் இல்லை’ என்று வந்தவுடன் கைவிட வேண்டாம். இன்டெல் லேப்டாப்பில் ‘பிடிடி’, ஏஎம்டி லேப்டாப்பில் ‘எஃப்டிபிஎம்’ என்ற பெயரில் பயாஸுக்குள் இருக்கிறதா என்று பார்க்கலாம்.

பிராசஸர் விஷயத்தில் அந்த வாய்ப்பு கிடையாது. இன்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாவது தலைமுறையும் அதற்குப் பிறகு வந்தவையும்தான் பட்டியலில் உள்ளன. ‘ஐ5-7200யு’ என்று இருந்தால் கோட்டுக்குப் பின்னால் வரும் 7 என்பது ஏழாவது தலைமுறையைக் குறிக்கிறது. அது தகுதி பெறாது. ‘ஐ5-8250யு’ என்றால் எட்டாவது தலைமுறை. அது தகுதி பெறும். ஏஎம்டி பிராசஸர்களில் பெயரை மட்டும் வைத்து இப்படிச் சொல்வது கஷ்டம்.

இதையெல்லாம் நீங்களே ஆராய வேண்டியதில்லை. மைக்ரோசாஃப்டின் ‘பிசி ஹெல்த் செக்’ என்ற இலவச ஆப்பை ஓடவிட்டால், தகுதி உண்டா இல்லையா, இல்லையென்றால் எதனால் என்று சொல்லிவிடும்.

தகுதி இருக்கிறது என்றால் உடனே மாறலாமா?

ஒரு விஷயத்தைப் பார்த்துவிட்டு மாறுங்கள். அப்கிரேடு செய்வது பாதுகாப்புக்காக. அதனால் லேப்டாப் வேகமாகிவிடும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான் கிடைக்கும்.

4 ஜிபி ரேமில் விண்டோஸ் 11 ஓடும். ஆனால் பத்து குரோம் டேபும் ஒரு வீடியோ மீட்டிங்கும் சேர்ந்தால் திணறிவிடும். நடைமுறையில் 8 ஜிபி இருந்தால்தான் நிம்மதி. அதேபோல, உங்கள் லேப்டாப்பில் பழைய சுழலும் ஹார்டு டிஸ்க் இருக்கிறதா, எஸ்எஸ்டி இருக்கிறதா என்று பாருங்கள். டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் ‘டிஸ்க்’ என்ற இடத்தில் 100 சதவீதம் என்று சிவந்துபோய் நிற்கிறதா? அப்படியென்றால் லேப்டாப்பை இழுத்துப் பிடிப்பது பெரும்பாலும் அந்த ஹார்டு டிஸ்க்தான்.

முதலில் எஸ்எஸ்டி மாற்றுங்கள். ரேம் சேர்க்க இடமிருந்தால் சேருங்கள். சென்னை ரிச்சி தெருவில் தொடங்கி உங்கள் ஊர் சர்வீஸ் கடை வரை எங்கேயும் இதைச் செய்து தருவார்கள். சில மெல்லிய லேப்டாப்களில் ரேம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும், கூட்ட முடியாது. அதனால் மாடலைச் சொல்லிக் கேட்டுவிட்டுப் போவது நல்லது.

தகுதி இல்லை என்றால்?

இங்கேதான் பலர் ‘அப்போ புது லேப்டாப்தான்’ என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். இஎம்ஐ-யில் இறங்குவதற்கு முன் மூன்று வழிகள் இருக்கின்றன.

முதல் வழி: கூடுதல் அவகாசம் வாங்குவது. வீட்டு உபயோகத்தில் உள்ள விண்டோஸ் 10 கம்ப்யூட்டர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் தரும் ‘இஎஸ்யு’ திட்டத்தை மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. இதற்கு 30 டாலர் கட்டலாம். அல்லது மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில் லாகின் செய்து, செட்டிங்ஸை கிளவுடில் பேக்கப் செய்ய சம்மதித்தால் பணமே கட்ட வேண்டாம். விண்டோஸ் 10-ன் கடைசிப் பதிப்பான 22ஹெச்2 இருக்க வேண்டும். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே இதில் சேர்வதற்கான லிங்க் இருக்கும். இதில் புது வசதிகள் எதுவும் வராது, பாதுகாப்பு பேட்ச் மட்டும்தான். புது லேப்டாப்புக்குப் பணம் சேர்க்க ஒரு அவகாசம் என்று நினைத்துக்கொள்ளலாம். ஆபீஸ் கொடுத்த லேப்டாப் என்றால் ஐடி டீமிடம் கேளுங்கள், நீங்களாக எதையும் மாற்ற வேண்டாம்.

இரண்டாவது வழி: லினக்ஸ். பிரவுசர், மெயில், டாக்குமென்ட், வீடியோ என்ற அளவில்தான் வேலை என்றால் இது தாராளமாகப் போதும். லினக்ஸ் மின்ட் 22 பதிப்புக்கு 2029 வரை சப்போர்ட் உண்டு. பணம் கிடையாது. இன்ஸ்டால் செய்யாமலேயே பென்டிரைவில் போட்டு, அதிலிருந்து பூட் செய்து வைஃபை, சவுண்டு, வெப்கேம் எல்லாம் வேலை செய்கிறதா என்று பார்த்துவிடலாம். பிடிக்கவில்லை என்றால் பென்டிரைவைக் கழற்றிவிட்டு ரீஸ்டார்ட் செய்தால் பழையபடி விண்டோஸ் வந்துவிடும்.

தமிழ்நாட்டில் பலருக்கு லினக்ஸ் புதிதும் அல்ல. 2011-ல் தொடங்கிய அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில் விண்டோஸுடன் ‘பாஸ் லினக்ஸ்’ சேர்ந்தே வந்தது. அந்தத் தொடக்க ஆண்டுகளின் லேப்டாப் இன்னும் வீட்டில் இருந்தால் விண்டோஸ் 11 அதில் நடக்காது, லேசான ஒரு லினக்ஸ் நடக்கலாம்.

ஆனால் டேலி, போட்டோஷாப் போன்றவை லினக்ஸில் நேரடியாக ஓடாது. ஜிஎஸ்டி, டெண்டர் வேலைகளுக்கு டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கன் பயன்படுத்துபவர்கள் அது வேலை செய்கிறதா என்று சோதிக்காமல் மாறவே கூடாது.

மூன்றாவது வழி: நெட்டைத் துண்டிப்பது. பழைய ஸ்கேனரை இயக்கவோ, போட்டோக்களைப் பார்க்கவோ மட்டும் ஒரு லேப்டாப் இருக்கிறது என்றால், வைஃபையை ஆஃப் செய்துவிட்டு அப்படியே வைத்துக்கொள்ளலாம். பென்டிரைவ் செருகும்போது மட்டும் கவனம் தேவை.

‘எந்த லேப்டாப்பா இருந்தாலும் 11 ஏத்தித் தர்றோம்’ - நம்பலாமா?

தகுதிச் சோதனையை ஏமாற்றி விண்டோஸ் 11-ஐ இன்ஸ்டால் செய்ய முடியும் என்பது உண்மை. ஆனால் அப்படிப்பட்ட கம்ப்யூட்டர்களுக்கு அப்டேட் கிடைக்கும் என்ற உத்தரவாதம் இல்லை என்று மைக்ரோசாஃப்ட் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. 2024-ல் வந்த 24ஹெச்2 பதிப்பு, சில மிகப் பழைய பிராசஸர்களில் பூட் ஆகவே ஆகாது. அப்டேட்டுக்காகத்தான் மாறுகிறோம், அதற்கே உத்தரவாதம் இல்லை என்றால் மாறி என்ன பயன்? இதைவிட மோசம், கிராக் செய்யப்பட்ட விண்டோஸ். அதை ஆக்டிவேட் செய்ய ஓடவிடும் புரோகிராமே உங்கள் பாஸ்வேர்டுகளைத் திருடலாம்.

மாறுவதற்கு முன் செய்ய வேண்டியவை

முக்கியமான ஃபைல்களை எக்ஸ்டர்னல் டிரைவிலோ கிளவுடிலோ காப்பி செய்யுங்கள். காப்பி செய்ததில் நாலைந்து ஃபைல்களைத் திறந்தும் பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பை நம்ப முடியாது.

பிட்லாக்கர் ரெக்கவரி கீ உங்களிடம் இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். லேப்டாப் என்க்ரிப்ட் செய்யப்பட்டிருந்தால், பயாஸில் டிபிஎம் அமைப்பை மாற்றிய பிறகு அந்த 48 இலக்க எண்ணைக் கேட்கலாம். அது இல்லையென்றால் ஃபைல்களைத் திறக்க முடியாது. பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில் சேமிக்கப்பட்டிருக்கும்.

தினமும் தேவைப்படும் பிரின்டர், டோக்கன், சாஃப்ட்வேர் ஆகியவை விண்டோஸ் 11-ல் ஓடுமா என்று பாருங்கள். பாமினி போன்ற பழைய தமிழ் ஃபான்ட்டில் டைப் செய்த டாக்குமென்ட்கள் இருந்தால், அந்த ஃபான்ட் ஃபைலையும் சேர்த்து எடுத்து வையுங்கள்.

அப்கிரேடை விண்டோஸ் அப்டேட் வழியாகவோ மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்தோ மட்டும் செய்யுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் லிங்க் வேண்டவே வேண்டாம். சார்ஜரைச் செருகிவிட்டு, அவசர வேலை எதுவும் இல்லாத ஒரு சனிக்கிழமை காலையில் ஆரம்பியுங்கள். திங்கட்கிழமை பிரசன்டேஷன் இருக்கும்போது ஞாயிறு ராத்திரி 11 மணிக்கு உட்கார வேண்டாம்.

மாறிய பிறகு ஒத்துவரவில்லை என்றால் 10 நாட்களுக்குள் பழைய விண்டோஸுக்குத் திரும்பும் வசதி செட்டிங்ஸில் இருக்கிறது. அதனால் அந்தப் பத்து நாளில் எல்லா வேலைகளையும் ஒருமுறை செய்து பார்த்துவிடுங்கள்.

ஆக, என்னதான் முடிவு?

தகுதி இருக்கிறது, 8 ஜிபி ரேமும் எஸ்எஸ்டியும் இருக்கின்றன என்றால் யோசிக்காமல் மாறலாம். தகுதி இருந்தும் லேப்டாப் மெதுவாக ஓடினால் முதலில் எஸ்எஸ்டி, ரேம், பிறகு விண்டோஸ் 11. தகுதி இல்லை, ஆனால் விண்டோஸ் கட்டாயம் வேண்டும் என்றால் இஎஸ்யு-வில் சேர்ந்துகொண்டு புது லேப்டாப்புக்குத் திட்டமிடுங்கள். தகுதியும் இல்லை, பிரவுசரே போதும் என்றால் லினக்ஸ்.

இதில் எதையும் இன்றைக்கே செய்ய முடியவில்லையா? ஒன்றை மட்டும் இன்றைக்கே செய்யலாம். அப்டேட் வராத அந்த லேப்டாப்பில் நெட் பேங்கிங்கை நிறுத்திவிட்டு, பிரவுசரில் சேமித்திருக்கும் பேங்க் பாஸ்வேர்டுகளை அழித்துவிடுங்கள். பண விஷயங்களை, தவறாமல் அப்டேட் வரும் உங்கள் மொபைலில் பார்த்துக்கொள்ளுங்கள். லேப்டாப் பற்றிய முடிவை வார இறுதியில் எடுக்கலாம்.