வாசலைப் பார்த்து மயங்காதீங்க!

என் சின்ன மாமியார் தனியார் முதியோர் இல்லத்தில் இருக்கிறார். போன மாதம் பார்க்கப் போனபோது, "முதுகு எரியுதும்மா" என்றார். பார்த்தால் படுக்கைப் புண்! ராத்திரியில் 40 பேருக்கு ஒரே ஆயாவாம். எழ முடியாதவரை 2 மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டாமா? வாசலில் மட்டும் பளபளவென்று டைல்ஸ், பூந்தொட்டி!

சண்டை போட்ட பிறகு இன்னொரு ஆயா வந்தார். புண்ணும் ஆறி வருகிறது.

சகோதரிகளே, பெரியவர்களைச் சேர்க்கும் முன், பாத்ரூமில் கைப்பிடி இருக்கா, படுத்தபடியே மணி அடிக்க முடியுமா, ராத்திரி எத்தனை ஆயா என்று பாருங்கள். சேர்த்த பிறகு சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் பாருங்கள். சொல்லியும் கேட்கலைன்னா, முதியோர் உதவி எண் 14567 இருக்கிறது, கட்டணம் கிடையாது.

- ஒரு வாசகி, திருச்சி.