சகாப்தம் 1293: நம்பெருமாள் மீண்டெழுந்தருளிய ஆண்டு

திருவரங்கம் பெரியகோயில் திருமதிலில் உள்ள வடமொழிச் சாஸனமொன்று 'பந்துப்ரியே' என்னும் சொல்லால் தன் ஆண்டைக் குறிக்கின்றது. கடபயாதி முறையில் மெய்யெழுத்துகளே எண்களாகும். கூட்டெழுத்தில் ஈற்று மெய்யை மட்டும் கொள்ளவேண்டும். அதன்படி பகர வர்க்கத்து மூன்றாம் எழுத்து 3. 'ந்து' என்பதில் தகர வர்க்கத்து நான்காம் எழுத்து 9. 'ப்ரி' என்பதில் ரகரம் 2. 'யே' என்பதில் யகரம் 1. இவற்றை ஈற்றிலிருந்து முதலாக அடுக்கினால் 1293 ஆகும். அச்சகாப்தம் கி.பி. 1371-72க்கு ஒக்கும். அஞ்சனாத்ரியாகிய திருமலையிலிருந்து எம்பெருமானைச் செஞ்சிக்கு எழுந்தருளப்பண்ணிச் சிலகாலம் ஆராதித்த கோபணார்யர், பின்பு உபயநாய்ச்சிமாரோடு திருவரங்கத்தில் ப்ரதிஷ்டை செய்தார் என்பது அச்சாஸனத்தின் பொருள்.

1323இல் தில்லிப் படை வந்தபோது பிள்ளைலோகாசாரியர் நம்பெருமாளைத் தெற்கே எழுந்தருளப்பண்ணிக்கொண்டு சென்றார்; மதுரைக்கு அருகே ஜ்யோதிஷ்குடியில் திருநாடு அலங்கரித்தார். பெருமாள் மலையாள தேசம், திருநாராயணபுரம், திருமலை எனப் பல இடங்களில் எழுந்தருளியிருந்தார். இவ்வாறு கழிந்த காலம் 48 ஆண்டுகள் என்பர். இடையே 1335 அளவில் தில்லியினின்று பிரிந்த மதுரை சுல்தான்களின் ஆட்சியை, விஜயநகரத்து முதலாம் புக்கராயரின் குமாரர் கம்பணர் வென்றார். அவ்வெற்றியாலேயே கோபணார்யரின் கைங்கர்யத்திற்கு வழி திறந்தது.

அவ்வாண்டில் உலகின் பிற பகுதிகளிலும் அரசுகள் இடம் மாறின. சீனத்தில் 1368இல் தோன்றிய மிங் அரசு, 1371இல் சிச்சுவான் நாட்டைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. 1370இல் அரியணையேறிய தைமூர், சமர்கந்தைத் தலைநகராகக் கொண்டு வலுப்பெற்றுவந்தான். 1371 செப்டம்பர் 26இல் மரித்சா ஆற்றங்கரையில் ஒட்டோமானியப் படை செர்பியரை வென்றது. ஸ்காட்லாந்தில் ஸ்டூவர்ட் மரபின் முதல் அரசன் முடிசூடினான். ரோமாபுரிக்குரிய போப்பாண்டவர் பீடமோ 1309 முதல் பிரான்சு நாட்டருகே அவிஞோன் நகரில் இருந்தது. 1377இலேயே ரோமுக்குத் திரும்பிற்று. தலைமைப் பீடம் தன் ஊரைப் பிரிந்திருக்கும் துயரத்தை அக்காலத்தில் வேறு சமயத்தாரும் அறிந்திருந்தனர்.

ஆண்டைப் பற்றி ஒரு விசாரம் உண்டு. கோயிலொழுகு, பெருமாள் மீண்டெழுந்தருளியதைப் பரீதாபி வருஷம் வைகாசி 17 என்கின்றது. அறுபதாண்டுச் சுழற்சியில் சகாப்தம் 1293 விரோதிகிருது. பரீதாபியோ அதற்கு அடுத்த ஆண்டு, அதாவது 1372-73. இரண்டுக்கும் ஓராண்டு வேற்றுமை. கல்லில் எண்ணைக் குறிக்கும் சொல்லாகப் பொறிக்கப்பட்டதனை முதன்மையாகக் கொண்டு 1371 என்று கூறும் வழக்கு நிலைத்தது. ஆயினும் ஒழுகின் கூற்றைப் புறக்கணிக்க வேண்டுவதில்லை. கல் சகாப்தத்தைச் சொல்லிற்று. கோயில் மரபோ திருநாட்கணக்கில் வழங்கும் வருஷப் பெயரையும் மாதத்தையும் நாளையும் நினைவிற் கொண்டது.

இந்த வருஷப் பெயர் நம் வ்யாக்யான மரபில் மற்றுமொரு முறை ஒலிக்கின்றது. பெருமாள் இன்னும் மீளாத ஸாதாரண வருஷத்தில், 1370 ஐப்பசித் திருமூலத்தில், மணவாளமாமுனிகள் திருவவதரித்தார். ஜ்யோதிஷ்குடியில் பிள்ளைலோகாசாரியர், திருமலையாழ்வாரைத் தர்சனத்திற்குக் கொணரும்படி சிஷ்யர்களுக்கு நியமித்தருளினார் என்பது குருபரம்பரை. அவரே திருவாய்மொழிப்பிள்ளை எனப் புகழ்பெற்று மாமுனிகளுக்கு ஆசாரியரானார். ஆகவே பெருமாள் ஊரூராக எழுந்தருளியிருந்த அந்நாட்களில் அர்த்தமும் ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்குச் சென்றுகொண்டேயிருந்தது.

அறுபதாண்டு கழிந்து மறுபடியும் பரீதாபி வந்தது, அதுவே 1432. அவ்வாண்டு ஆவணியில் பெரியகோயிலில் நம்பெருமாள் திருமுன்பே மாமுனிகள் ஈடு முப்பத்தாறாயிரப்படியைக் காலக்ஷேபம் செய்யத் தொடங்கி, மறு ஆண்டு ஆனித் திருமூலத்தில் சாற்றியருளினார். அதுகாறும் பெருமாள் தம் உத்ஸவங்களை நிறுத்திக் கேட்டருளினார் என்று மரபு போற்றும்.

ஈட்டை ஏடுபடுத்திய வடக்குத் திருவீதிப்பிள்ளையின் திருக்குமாரரே பிள்ளைலோகாசாரியர். அவர் திருமேனியைக் காத்துத் தந்ததும், அவர்தம் சிஷ்ய பரம்பரை அர்த்தத்தைக் காத்துத் தந்ததும் அந்தப் பெரிய திருமண்டபத்தில் ஒன்றுகூடின. சகாப்தம் 1293இல் திருவரங்கத்திற்குத் திரும்பியது திருமேனி. அதன் திருச்செவி கேட்கவிருந்த வ்யாக்யானமும் ஓராண்டுக் குழந்தையாய் அப்போது வளர்ந்துகொண்டிருந்தது.