உங்களுக்குத் தெரியுமா? லைவ் நிகழ்ச்சியில் ரசிகர்தான் பாதி!

நேரலையில் பேசுபவருக்கு எதிரே முகங்கள் கிடையாது. ‘சாட்’ பகுதியில் ஓடிக்கொண்டே இருக்கும் எழுத்துகள்தான். அந்த எழுத்துகளில் கூட்டத்தின் மனசைப் படித்து, அந்த நொடியே நிகழ்ச்சியைத் திருப்பிய கெட்டிக்காரர்களும், கூட்டம் பேசும் விசித்திர மொழியும் இதோ!

● எட்டு என்றால் கைதட்டல்
ஜப்பானில் 2006இல் தொடங்கிய நிக்கோநிக்கோ தளத்தில், பார்வையாளர் எழுதுவது வீடியோவின் மேலேயே வலமிருந்து இடமாகப் பறக்கும். ஒருவர் அருமையாகப் பாடி முடித்தால் திரை முழுக்க ‘8888’. எட்டுக்கு ஜப்பானிய மொழியில் ‘ஹாச்சி’; கைதட்டும் ஓசைக்கு ‘பாச்சி பாச்சி’. பாடியவருக்கு அந்த எட்டுகள்தான் அரங்கம் அதிரும் சத்தம்.

● ஒற்றை எழுத்தில் அனுதாபம்
விளையாட்டு லைவில் ஒருவர் கோட்டைவிட்டால் சாட்டில் வரிசையாக ‘எஃப்’ விழும். 2014இல் வந்த ‘கால் ஆஃப் டூட்டி: அட்வான்ஸ்டு வார்ஃபேர்’ வீடியோ கேமில், இறுதிச்சடங்குக் காட்சியில் அஞ்சலி செலுத்த எஃப் பொத்தானை அழுத்தச் சொல்வார்கள். அதிலிருந்து பிறந்த வழக்கம் இது.

● மிதக்கும் இதயங்கள்
2015 மார்ச்சில் வந்த பெரிஸ்கோப் செயலியில், பிடித்த இடத்தில் திரையைத் தட்டினால் இதயம் ஒன்று மேலெழுந்தது. மீண்டும் மீண்டும் தட்ட முடிந்தது. கருத்துகளைப் படிக்க நேரமில்லாதவருக்கும் எந்த வார்த்தை மனசைத் தொட்டது என்பது உடனுக்குடன் தெரிந்துவிட்டது. 2021இல் செயலி மூடப்பட்டாலும், அந்த இதயங்கள் மற்ற தளங்களில் இன்றும் மிதக்கின்றன.

● இப்போது வரும் சிரிப்பு பழைய ஜோக்குக்கு!
நேரலைக் காட்சி சிறு துண்டுகளாகிப் பயணம் செய்வதால், பார்ப்பவரைச் சேரச் சில நொடிகள் பிடிக்கும். யூடியூபில் இந்தத் தாமதத்தை மூன்று அளவுகளில் தேர்ந்தெடுக்கலாம். கேள்வி கேட்டதும் சாட் அமைதியாக இருந்தால் கூட்டம் சோர்ந்துவிட்டது என்று பதற வேண்டாம். கேள்வியே இன்னும் போய்ச் சேர்ந்திருக்காது. கேட்டுவிட்டு ஒரு சின்னச் சம்பவம் சொல்லுங்கள். முடிப்பதற்குள் பதில்கள் வந்து குவியும்.

● லட்சம் கைகள், ஒரே ஆட்டம்
2014 பிப்ரவரி 12. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த, பெயர் சொல்ல விரும்பாத ஒரு புரோகிராமர், ‘போக்கிமான் ரெட்’ விளையாட்டை ட்விட்ச் என்ற நேரலைத் தளத்தின் சாட்டிடம் ஒப்படைத்தார். யார் ‘மேலே’, ‘கீழே’ என்று டைப் செய்தாலும் நாயகன் நகர்வான். உச்சத்தில் 1,20,000 பேருக்கு மேல் ஒரே நேரத்தில் கூடினார்கள். ஒரு புதிர்ப்பாதையில் ஆட்டம் நெடுநேரம் சிக்கிக்கொள்ளவே, அதிக ஓட்டு விழும் கட்டளையே செல்லும் என்று விதியை மாற்றினார். பலருக்குக் கோபம்! ‘ஸ்டார்ட்9’ என்ற கட்டளைக்கே ஓட்டுப் போட்டு, மெனுவைத் திறந்து மூடி, ஆட்டத்தையே முடக்கினார்கள். அவர் அடம்பிடிக்கவில்லை. பழைய முறையா, ஓட்டா என்பதையும் ரசிகர்களே முடிவுசெய்ய வழிவிட்டார். மார்ச் 1 அன்று ஆட்டம் வெற்றியில் முடிந்தது.

● ‘கெடுத்துட்டார்!’ ‘காப்பாத்திட்டார்!’
ஓவியர் பாப் ராஸ் 1995இல் மறைந்தவர். அவருடைய 403 தொலைக்காட்சிப் பகுதிகளையும் 2015 அக்டோபர் 29 முதல் ட்விட்ச் இடைவிடாமல் ஒளிபரப்பியது. அழகாக முடிந்த காட்சியின் குறுக்கே அவர் கறுப்பாக ஒரு மரத்தை இழுத்ததும், கெடுத்துவிட்டார் என்று சாட் அலறும். மரம் உயிர்பெற்றதும், காப்பாற்றிவிட்டார் என்று கொண்டாடும். பழைய பதிவுதான், ஆயிரமாயிரம் பேர் ஒன்றாகப் பதறியதில் அது நேரலையாகிவிட்டது.

● பேர் சொல்லிக் கூப்பிட்ட டிஜே
2020 மார்ச்சில் கொரோனாவால் வீடடங்கியிருந்த அமெரிக்க டிஜே டி-நைஸ், லாஸ் ஏஞ்சலிஸில் தன் வீட்டிலிருந்தே இன்ஸ்டாகிராமில் பாட்டுப் போட்டார். உள்ளே வருபவர்களைப் பேர் சொல்லி வரவேற்றார். மார்ச் 21 அன்று 1,00,000 பேரைத் தாண்டியது கூட்டம். தனிமையில் தவித்தவர்களுக்குத் தங்கள் பேரை ஒருவர் உரக்கச் சொல்வதே மருந்தாக இருந்தது.

● போனில் வந்த பல்லவி
மார்க் ரெபியே என்ற அமெரிக்க இசைக்கலைஞரின் லைவில் ரசிகர்கள் போனில் பேசுவார்கள். அவர்கள் சொல்லும் ஒரு சொல், ஒரு ஏக்கம் போதும். லூப் கருவியில் தன் குரலையும் கீபோர்டையும் அடுக்கடுக்காகப் பதிந்து, அங்கேயே முழுப் பாட்டாக்கிவிடுவார்.

● கடைசியில் ஒரு ‘ரெய்டு’
ட்விட்ச்சில் நிகழ்ச்சியை முடிப்பவர், தன் கூட்டம் முழுவதையும் இன்னொருவரின் லைவுக்கு அனுப்பிவைக்கலாம். இதற்குப் பெயர் ரெய்டு. பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருந்த சின்னச் சேனலில் திடீரென்று நூற்றுக்கணக்கானோர் நுழைவார்கள். கூட்டம் சேர்ப்பது திறமை. சேர்ந்த கூட்டத்தை, உற்சாகம் ஆறும் முன்னே இன்னொருவர் வாசலில் கொண்டுபோய் விடுவது பெரிய மனசு.