இரண்டு மில்லிமீட்டர் ஆட்டம்

பழைய லாரியில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் அமர்ந்து பயணம் செய்யும் வாய்ப்பு உங்களுக்குக் கிடைத்ததுண்டா? கிடைத்தால், சாலையைப் பார்க்காமல் அவருடைய கைகளைக் கவனியுங்கள். சாலை நூல் பிடித்ததுபோல் நேராக இருக்கும். கைகளோ ஸ்டியரிங்கை இடப்பக்கம் கொஞ்சம், வலப்பக்கம் கொஞ்சம் என்று ஓயாமல் திருப்பிக்கொண்டே இருக்கும். நேரான சாலையில் இந்த வேலை எதற்கு?

இக்கேள்விக்கு எனக்கு விடை கிடைத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேப்பமரத்தடியில். திருச்சுழியிலிருந்து நரிக்குடி செல்லும் வழியில் இருக்கிறது என் தாய்மாமா ஊர். வானம் பார்த்த பூமி. தரிசாய்ப் போன நிலங்களில் சீமைக் கருவேல் மண்டிக் கிடக்கிறது. அதை வெட்டி, மூட்டம் போட்டு, கரியாக்கி விற்பது இப்பக்கத்தில் பலருக்குப் பிழைப்பு. அந்தக் கரி மூட்டைகளை ஏற்றிச் செல்லும் லாரி ஒன்றை மாமா வைத்திருக்கிறார். லாரிக்கு வயது இருபதைத் தாண்டிவிட்டது. மாமாவே முதலாளி, மாமாவே ஓட்டுநர்.

முந்தைய வாரம் அருப்புக்கோட்டைச் சாலையில் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியபோது லாரி திடீரென்று வலப்பக்கம் பாய்ந்திருக்கிறது. எதிரே ஒரு பள்ளிப் பேருந்து. மாமா ஸ்டியரிங்கை வேகமாக ஒடித்துத் தப்பித்தார். “மாப்ளே, ஸ்டியரிங்கு மூணு விரக்கடை சும்மா சுத்துது. அதுக்கப்புறந்தான் சக்கரம் கேக்குது. ஞாயித்துக்கிழமை கழட்டப் போறேன், நீயும் வா” என்று சொல்லி அனுப்பினார்.

சும்மா சுற்றும் இந்த மூன்று விரற்கடையைத்தான் ஓட்டுநர்கள் ‘ஆட்டம்’ என்கிறார்கள். அது எங்கிருந்து வருகிறது என்று தேட, ஸ்டியரிங்கிலிருந்து சக்கரம்வரை ஒரு நடை போய்வருவோம்.

நாம் ஸ்டியரிங்கைத் திருப்பினால் அதன் தண்டு கீழே உள்ள ஸ்டியரிங் பாக்ஸுக்குள் ஒரு திருகைச் சுழற்றுகிறது. பாக்ஸுக்கு வெளியே தொங்கும் கை ஒன்று முன்னும் பின்னும் அசைகிறது. அந்தக் கை, டிராக் லிங்க் என்னும் இரும்புக் கோலைத் தள்ளுகிறது. கோல் ஒரு பக்கத்துச் சக்கரத்தைத் திருப்புகிறது. அந்தச் சக்கரத்திலிருந்து மறுபக்கச் சக்கரத்துக்கு டை ராடு என்னும் நீண்ட கோல் போகிறது. இரண்டு கோல்களின் முனைகளிலும் பந்துக்கிண்ண மூட்டுகள் உண்டு. உங்கள் தோள்பட்டையில் இருப்பதும் அதே அமைப்புதான். சக்கரங்கள் கதவு கீலில் திரும்புவதுபோலத் திரும்ப வேண்டுமல்லவா? அந்தக் கீலின் முளைக்குப் பெயர் கிங்பின். கட்டைவிரலைவிடப் பருத்த எஃகு உருளை. மேலும் கீழும் வெண்கலம் போன்ற மென்மையான உலோகத்தாலான புஷ்ஷுக்குள் அது நிற்கிறது.

இவ்வளவு மூட்டுகள் தேவைதானா? மாட்டுவண்டிக்கு ஒன்றுகூட இல்லையே! இரண்டு சக்கர வண்டியில் அந்தத் தொல்லை இல்லை. மாடு திரும்பினால் வண்டி முழுவதும் திரும்பும். நான்கு சக்கரத்துக்கு வந்தால்தான் சிக்கல். கோயில் தேரைப் பாருங்கள். அதன் சக்கரங்கள் திரும்புவதில்லை. அதனால்தான் தெருமுனையில் முட்டுக்கட்டை போட்டு, ஆயிரம் பேர் இழுத்து, சக்கரத்தைத் தரையோடு தேய்த்துத் தேரைத் திருப்ப வேண்டியிருக்கிறது. வளைவில் உட்பக்கச் சக்கரம் சிறிய வட்டத்திலும் வெளிப்பக்கச் சக்கரம் பெரிய வட்டத்திலும் செல்வதால் இரண்டும் வெவ்வேறு கோணத்தில் திரும்பியாக வேண்டும். மியூனிக் நகரத்துக் கோச்சுவண்டி செய்பவரான லாங்கென்ஸ்பெர்கர் இதற்கு ஒரு வழி கண்டார். அவருடைய சார்பில் ஆக்கர்மன் என்பவர் 1818இல் லண்டனில் காப்புரிமை பெற்றார். பெயரும் ஆக்கர்மனுக்கே போய்விட்டது! எண்ணூரில் அசோக் லேலண்ட் கட்டிய லாரிகளும் சரி, டாட்டா நிறுவனம் ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸுடன் கூட்டுச் சேர்ந்து 1954 முதல் கட்டிய லாரிகளும் சரி, குதிரைவண்டிக்காகப் பிறந்த அந்த வடிவியலைத்தான் முன் அச்சில் சுமந்தன.

இப்போது ஒரு சிறு கணக்கு. டிராக் லிங்க் முனையில் பந்துக்கும் கிண்ணத்துக்கும் இடையே 2 மி.மீ. தேய்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். சக்கரத்தைத் திருப்பும் கையின் நீளம் 20 செ.மீ. அப்படியானால் சக்கரம் 2/200, அதாவது 0.01 ரேடியன் கோணம் தன் இஷ்டத்துக்குத் திரும்பலாம். ஸ்டியரிங்கை 24 பாகை திருப்பினால் சக்கரம் 1 பாகை திரும்பும்படி பாக்ஸ் அமைந்திருக்கட்டும். எனவே ஸ்டியரிங்கில் 0.24 ரேடியன். ஸ்டியரிங்கின் ஆரம் 25 செ.மீ. என்றால் அதன் விளிம்பில் 6 செ.மீ.! மாமா சொன்ன மூன்று விரற்கடை கிடைத்துவிட்டது. மனிதக் கையின் வலிமையை 24 மடங்கு பெருக்கி, பல டன் சுமை தாங்கும் சக்கரத்தைத் திருப்ப உதவும் அதே ஏற்பாடு, மூட்டின் தளர்வையும் பெருக்கிக் காட்டுகிறது.

சாலையில் இதன் விளைவு என்ன? சாலையின் சரிவு காரணமாகச் சக்கரம் அந்தத் தளர்வின் ஒரு கோடியில் சாய்ந்தபடி நேராக ஓடிக்கொண்டிருக்கிறது. பள்ளத்தில் விழும் அடியில் மறுகோடிக்குத் தாவுகிறது. ஓட்டுநர் ஸ்டியரிங்கை அசைக்கவேயில்லை, சக்கரமோ 0.01 ரேடியன் திரும்பிவிட்டது. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைவெளி 4 மீட்டர் என்றால் லாரி செல்லும் வட்டத்தின் ஆரம் 4/0.01 = 400 மீட்டர். அவ்வட்டத்தில் 40 மீட்டர் ஓடியதும் பக்கவாட்டில் எவ்வளவு விலகியிருக்கும்? 40-இன் வர்க்கத்தை ஆரத்தின் இருமடங்கால் வகுங்கள்: 1600/800 = 2 மீட்டர். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் 40 மீட்டரைக் கடக்க இரண்டரை வினாடிகூட ஆகாது. நம் கிராமச் சாலையில் இரண்டு மீட்டர் என்பது எதிரே வருபவரின் இடம்.

மூட்டு ஏன் தேய்கிறது என்பதும் சுவையானது. கரிசல் மண் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கி வெடிக்கும். அதன்மேல் போட்ட சாலையும் அலைபோல் ஏறி இறங்கும். ஒவ்வொரு குலுக்கலும் மூட்டுக்கு ஓர் அடி. அத்துடன் புழுதி. சாலைச் சரளையிலிருந்து எழும் பொடியில் குவார்ட்சுத் துகள்கள் உண்டு. மோ கடினத்தன்மை அளவில் குவார்ட்சுக்கு 7. அது கிரீஸோடு கலந்தால், சாணை பிடிக்கும் பசை தயார். இதில் ஒரு வேடிக்கை: மென்மையான புஷ்தான் முதலில் தேயும் என்று நாம் எண்ணுவோம். ஆனால் துகள் மென்மையான உலோகத்தில் பதிந்துகொண்டு, கடினமான எஃகுக் கிங்பின்னை அரம்போல் அராவுவதும் உண்டு. இடைவெளி ஒருமுறை பிறந்துவிட்டால் அது தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும். இடைவெளியற்ற மூட்டில் விசை அழுத்தமாக மட்டுமே செல்கிறது. இடைவெளி உள்ள மூட்டிலோ பாகம் வேகம் பெற்று ஓடிவந்து மோதுகிறது, சுத்தியலைப் போல.

சரி, வேப்பமரத்தடிக்கு வருவோம். மாமா முதலில் செய்தது பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் பெரிய கல் வைத்தது. பிறகு முன் அச்சை ஜாக்கியில் தூக்கி, அச்சுக்கடியில் தடித்த மரக்கட்டைகளை அடுக்கினார். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் எவரும் படுக்கக்கூடாது. அந்த எண்ணெய் அடைப்பான் ஒன்று கசிந்தால் பல டன் இறங்கும். நீங்களும் அருகிலிருந்து பாருங்கள், ஸ்பேனரை எடுத்துக் கொடுங்கள், அடியில் நுழையாதீர்கள்.

அடுத்தது நோய் எங்கே என்று காண்பது. டயரின் உச்சியையும் அடியையும் பிடித்து ஆட்டியபோது சக்கரம் ‘டக், டக்’ என்றது. தேய்ந்தது கிங்பின்னா, சக்கரத்தின் பேரிங்கா? மாமா கிளீனர் பையனைப் பிரேக்கை மிதிக்கச் சொன்னார். மறுபடி ஆட்டினார். ஆட்டம் மறைந்துவிட்டது! பிரேக் பிடித்தால் சக்கரமும் அதைத் தாங்கும் அச்சுமுனையும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். இடையிலுள்ள பேரிங்கின் ஆட்டம் ஒளிந்துகொள்ளும். அப்போதும் ஆட்டம் இருந்தால் குற்றவாளி கிங்பின். ஆகவே கிங்பின் நலம், பேரிங்கைச் சற்று இறுக்கினால் போதும். என் ஆய்வுக்கூடத்தில் இதைவிட அழகான சோதனையை நான் செய்ததில்லை என்று மாமாவிடம் சொன்னேன். அவர் கண்டுகொள்ளவில்லை.

கிங்பின் போயிருந்தால் வேலை வீட்டில் முடிந்திராது. புது புஷ்ஷை அடித்து ஏற்றும்போது அது நெருக்கப்பட்டு உள்விட்டம் குறையும். ரீமர் விட்டுச் சரியான அளவுக்குக் குடைய அருப்புக்கோட்டை லேத் பட்டறைக்குத்தான் போக வேண்டும்.

பிறகு லாரியை இறக்கி, பையனை ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் திருப்பச் சொல்லிவிட்டு, மாமா ஒவ்வொரு மூட்டின் மேலும் விரலை வைத்துப் பார்த்தார். டிராக் லிங்க் முனையொன்றிலும் டை ராடு முனையொன்றிலும் கோல் அசைந்த பிறகே பந்து அசைந்தது. இரண்டையும் மாற்ற வேண்டும். டை ராடு முனையைத் துடைத்தவர் சட்டென்று நின்றார். பந்தின் தண்டைப் பிடித்திருக்கும் நட்டு இரண்டு புரி கழன்றிருந்தது. அந்த நட்டின் தலையில் பிளவுகள் உண்டு. அவற்றின் ஊடே ஒரு ஸ்பிளிட் பின்னைச் செருகி மடக்கிவிட்டால் நட்டு சுழலாது. அந்தப் பின்னைக் காணோம். எட்டு மாதத்துக்கு முன் ஒரு பட்டறையில் அந்த மூட்டைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். ஐந்து ரூபாய் பெறாத பின்னைப் போடாமல் விட்டுவிட்டார்கள்.

அப்படியானால் இத்தனை நாள் மூட்டு கழன்று விழாமல் பிடித்திருந்தது எது? பந்தின் தண்டு சற்றே கூம்பு வடிவமானது. அது பொருந்தும் துளையும் அவ்வாறே. கூம்பின் சரிவு மிகக் குறைவாக இருப்பதால், ஒருமுறை இறுக்கிய பின் உராய்வே அதைப் பிடித்துக்கொள்கிறது. கதவிடுக்கில் அடித்த ஆப்பு தானாக வெளியே வருவதில்லை அல்லவா? எட்டு மாதமாக மாமாவின் உயிரைக் காத்தது அந்த உராய்வுதான். மாமா கொஞ்ச நேரம் பேசாமல் பீடி பற்றவைத்துக்கொண்டார்.

காப்பாற்றிய அதே உராய்வு, கழற்றும்போது எதிரியாகிவிடும். தண்டின் நுனியில் ஓங்கி அடித்தால் புரி நசுங்கும், மூட்டு அசையாது. மாமா துளையைச் சுற்றியுள்ள இரும்பின் ஒரு பக்கம் கனமான சுத்தியலை முட்டுக்கொடுத்து, எதிர்ப்பக்கத்தில் இன்னொரு சுத்தியலால் அடித்தார். வட்டமான துளை ஒரு கணம் நீள்வட்டமாகி மீள்கிறது. அந்தக் கணத்தில் பிடி விட்டுப்போகிறது. நான்காவது அடியில் ‘டங்’ என்று மூட்டு கீழே விழுந்தது.

பழைய முனையைக் கோலிலிருந்து திருகி எடுக்கும்போது மாமா சுற்றுகளை எண்ணிச் சுவரில் கரியால் கோடு போட்டார். பதினேழரை. புது முனையும் பதினேழரைச் சுற்றே ஏற வேண்டும். ஒரு சுற்றுக்கு 1.5 மி.மீ. என்றால், 20 செ.மீ. கையில் அது 0.0075 ரேடியன், ஒரு மீட்டர் விட்டமுள்ள டயரில் 7.5 மி.மீ. கோணல். எண்ணினாலும் அளந்து பார்க்காமல் விடக்கூடாது, ஏனெனில் புது முனையின் நீளம் மயிரிழை மாறலாம்.

அளந்த விதத்தைக் கேளுங்கள். தூக்கிய டயரைச் சுழலவிட்டு, ஆணி முனையால் நடுவில் ஒரு கோடு கீறினார். வண்டியை இறக்கிச் சற்று உருட்டினார். இரண்டு டயர்களின் முன்பக்கம், அச்சின் உயரத்தில் கோட்டின்மேல் ஒரு சாக்குக்கட்டிப் புள்ளி வைத்து, மூங்கில் கழியால் இடைவெளியை அளந்தார். பிறகு சக்கரம் அரைச் சுற்று வரும்வரை வண்டியை உருட்டி, அதே புள்ளிகள் பின்பக்கம் வந்ததும் மறுபடி அளந்தார். புள்ளிகள் மாறாததால் டயரின் மேடுபள்ளம் கணக்கைக் கெடுக்காது. முன்பக்க அளவு சில மில்லிமீட்டர் குறைவாக இருக்க வேண்டும். ஓடும்போது சாலையின் இழுவை சக்கரங்களைச் சற்று வெளிப்பக்கம் விரித்து நேராக்கிவிடும்.

கழியில் வித்தியாசம் 10 மி.மீ.க்கு மேல் காட்டியது. ஒரு மீட்டர் டயருக்கு 10 மி.மீ. என்றால் ஒவ்வொரு சக்கரமும் 0.005 ரேடியன் கோணல். ஒரு கிலோமீட்டர் ஓடினால் டயர் 5 மீட்டர் பக்கவாட்டில் தேய்க்கப்படும். அருப்புக்கோட்டையிலிருந்து மதுரை ஏறத்தாழ 50 கி.மீ.; போய்ச் சேர்வதற்குள் 250 மீட்டர் தேரை இழுத்தது போலத்தான்! டை ராடின் ஒரு முனையில் வலப்புரி, மறுமுனையில் இடப்புரி இருப்பதால் கோலைக் கழற்றாமலே சுழற்றி நீளத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். மாமா சுழற்றி, அளந்து, மறுபடி சுழற்றி, நாலு மில்லிமீட்டரில் நிறுத்திக் கிளாம்பை இறுக்கினார். புது ஸ்பிளிட் பின்களைப் போட்டு இரண்டு காதையும் மடக்கினார். மறுபடி ஒருமுறை கையால் தடவிப் பார்த்தார்.

கடைசியில், முன் அச்சைத் திரும்பவும் தூக்கிக் கிரீஸ் அடித்தார். “ஏன் மாமா தூக்கணும்?” என்றேன். “பாரம் உக்காந்திருந்தா கிரீஸ் எங்க போகும்?” என்றார். முழுச் சுமையும் அழுத்தும் பக்கத்தில்தான் கிரீஸ் வேண்டும். தூக்கினால்தான் அங்கே இடைவெளி திறக்கும். கறுத்த பழைய கிரீஸ் புழுதியோடு பிதுங்கி வெளியேறி, புதுக் கிரீஸ் தலைகாட்டும்வரை அடித்தார்.

தேய்ந்த டை ராடு முனையை நான் கேட்டு வாங்கி வந்தேன். அறுத்துப் பிரித்து, பந்தை என் மாணவர்களிடம் திருகு அளவியோடு கொடுத்தேன். மேல்கீழாக அளந்தால் ஒரு விட்டம். கோல் தள்ளி இழுத்த திசையில் அளந்தால் அதைவிட 0.9 மி.மீ. குறைவு. பந்து முட்டையாகியிருந்தது. தேய்ந்த முகத்தை உருப்பெருக்கியில் பார்த்தபோது, எல்லாக் கீறல்களும் ஒரே திசையில் ஓடின.